83 குதிரையை 140 ஆக்கலாமா? ஒரு ஸ்விஃப்டும் நாலு லட்சம் ரூபாயும்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வணக்கம் சார். என்னிடம் 2018 மாடல் ஸ்விஃப்ட் இசட்எக்ஸ்ஐ பெட்ரோல் கார் இருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன், மாதம் ஒருமுறை வால்பாறை. கையில் நாலு லட்சம் சேர்ந்திருக்கிறது. டர்போ கிட், எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றும் ரீமேப், எக்ஸாஸ்ட், 17 அங்குல அலாய், காரைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் எல்லாம் அந்தத் தொகைக்குள் போட்டு 140 எச்.பி. வர வைத்துத் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். அப்பாவோ இதை விற்றுவிட்டு உருப்படியாக ஒரு வண்டி எடு என்கிறார். விற்றால் ஐந்து லட்சம் வரும். எது சரி?"

அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொன்னதற்காக மட்டும் விற்றுவிடாதீர்கள், காரணம் புரிந்து விற்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த காரையும் ஆறு மாதத்தில் அதே பட்டறை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவீர்கள்.

உங்கள் ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஸ்விஃப்ட் 900 கிலோகூட இல்லாத கார். 1,197 சிசி எஞ்சின், 83 எச்.பி., ஆக்சிலரேட்டரை மிதித்தால் 6,000 ஆர்பிஎம் வரை சலிக்காமல் ஏறும். இதற்கே இவ்வளவு சுகம் என்றால் 140 இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றத்தான் செய்யும். கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. டன்னுக்கு இத்தனை குதிரை என்று பார்த்தால், 140 எச்.பி. ஸ்விஃப்ட் 120 எச்.பி. ஹூண்டாய் ஐ20 என் லைனையும் தாண்டும், 150 எச்.பி. ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடியையும் தாண்டும். காகிதத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். காகிதத்தில் வராத விஷயங்களைப் பார்ப்போம்.

முதலில் எஞ்சின். உங்களுடையது காற்றைத் தானாக இழுத்துக்கொள்ளும் எஞ்சின். மைலேஜுக்காக அதன் அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எவ்வளவு நெருக்குகிறது என்ற அளவை, ஏற்கெனவே உயர்த்தி வைத்திருக்கிறார்கள். அதில் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவை மாட்டினால், அதே சிலிண்டருக்குள் இன்னும் அதிகக் காற்று, இன்னும் அதிக பெட்ரோல், இன்னும் அதிகச் சூடு. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த நெருப்பு பரவி முடிப்பதற்கு முன்பே, மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதைத்தான் 'நாக்கிங்' என்கிறோம். சின்னச் சுத்தியலால் பிஸ்டனின் தலையில் விடாமல் தட்டுவது மாதிரி. ஒருநாள் ரிங் உட்காரும் விளிம்பு பெயர்ந்து வரும், சைலன்சரில் நீலப்புகை தெரியும். இதைத் தவிர்க்க பட்டறைக்காரர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார், பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவார். அப்போது மைலேஜும் போகும், கொடுத்த காசுக்கான வேகமும் முழுசாக வராது.

கம்பெனியிலேயே டர்போவோடு வரும் எஞ்சினில் இதற்கெல்லாம் வரைபடத்திலேயே வழி செய்திருப்பார்கள். ஐ20 என் லைனின் 1.0 டர்போவிலும் ஃபோக்ஸ்வேகன் போலோவின் 1.0 டிஎஸ்ஐ டர்போவிலும் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கும், அதனால் நாக்கிங் தள்ளிப்போகும். பிஸ்டன், பேரிங், ஆயில் பம்ப், ரேடியேட்டர், இன்டர்கூலர், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் அந்தச் சுமைக்கென்றே தேர்ந்தெடுத்தவை. டர்போ வழியே போகும் புகை முழு வேகத்தில் 800, 900 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டை பானெட்டுக்குள் எங்கே, எப்படி வெளியேற்றுவது என்று யோசிப்பதே தனி வேலை. உங்கள் காரின் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் 113 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைத் தாங்கச் சொல்லித்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு கொடுத்தால் முதலில் கிளட்ச் வழுக்கும். அதை மாற்றுவீர்கள். அப்புறம் கியர்பாக்ஸ் பேச ஆரம்பிக்கும்.

டர்போ வேண்டாம், ஏர் ஃபில்டரும் எக்ஸாஸ்டும் ரீமேப்பும் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால்? டர்போ இல்லாத எஞ்சினில் இவற்றால் கிடைப்பது சில குதிரைகள்தான். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதுபோலத் தோன்றும்.

இனி பிரேக். இதை நான் சற்று அழுத்திச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவர் சின்ன ஹேட்ச்பேக் ஒன்றை இப்படித்தான் தயார் செய்திருந்தார். எஞ்சினுக்கும் அலாய்க்கும் கொட்டிச் செலவழித்தவர் பிரேக்கைத் தொடவில்லை. வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம், நான் பக்கத்து சீட்டில். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் வேகமாகப் போய் கடைசியில் அழுத்திப் பிடித்தார். பாதிக்கு மேல் இறங்கியதும் கருகிய வாடை. அடுத்த வளைவில் அவர் கால் பெடலோடு தரைவரை போனதை நான் பார்த்தேன். பஞ்சை மிதித்த மாதிரி. மறுபடி மறுபடி மிதித்து, இரண்டாவது கியருக்குத் தட்டி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயிண்ட்டில் ஓரமாக நிறுத்தினார். முன் சக்கரங்களில் இருந்து புகை வந்தது. கீழே ஆழியாறு அணை அழகாகத் தெரிந்தது. இருவரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3, டாட் 4 என்பவை அந்த ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு 140 டிகிரியே போதும் என்பதுதான் தரவிதி வைத்திருக்கும் கீழெல்லை. டாட் 4 என்றால் 230, 155. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலால் நாம் அமுக்குவது அந்தக் குமிழியைத்தான், பேட் அசையாது. வேகத்தோடு இந்தச் சூடு எப்படி ஏறும் என்றும் பாருங்கள்: 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்துவதைவிட 90லிருந்து நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு. உங்கள் ஸ்விஃப்டில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 83 எச்.பி.க்கு அது சரியான ஏற்பாடு. பட்டறைக்காரர் கொடுத்த பட்டியலில் பிரேக் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எனக்கு அந்தப் பட்டறையைத் தெரியாது. ஆனால் அந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே காரை விடமாட்டேன்.

17 அங்குல அலாயும் வேண்டாம். உங்கள் டயர் 185/65 ஆர்15. அதன் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர் உயரம். 205/45 ஆர்17 போட்டால் 92 மில்லிமீட்டர்தான். குழியில் விழுந்தால் டயர் வாங்கிக்கொள்ள வேண்டிய அடியை ரிம் வாங்கும். மழைக்காலத்தில் நம் பக்கத்துச் சாலைகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் கூடும். அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி, ஆர்.சி.யில் இருக்கும் விவரமும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பும் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டர்போ, எக்ஸாஸ்ட் என்று தனித்தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். அபராதத்தைவிடப் பெரிய கவலை காப்பீடு. சொல்லாமல் மாற்றிய காரில் விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுக்கிறோம். காரில் உங்களோடு அம்மாவும் அப்பாவும் வருவார்கள் அல்லவா?

மலிவான காரின் எஞ்சினை வைத்து வேகம் பண்ணவே முடியாதா என்றால், நம் கோவையிலேயே பண்ணிக் காட்டியவர் ஒருவர் இருந்தார். எஸ். கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் தொடக்கத்தில் ஓட்டிய கார்கள் அவை. அவர் அந்த எஞ்சினைப் பிடித்து ஊதிப் பெரிதாக்குவதை நம்பி இருக்கவில்லை. எஞ்சினைச் சுற்றி இருந்த காரையே மாற்றினார்: எடை குறைந்த சட்டகம், தரையோடு ஒட்டிய இருக்கை, ரேஸுக்கான சஸ்பென்ஷன். நீங்கள் கேட்பது அதற்கு நேர் எதிரானது. கார் அப்படியே இருக்க, எஞ்சின் மட்டும் மாற வேண்டும் என்கிறீர்கள்.

சரி, எதை வாங்கலாம்? உண்மையான பெர்ஃபார்மன்ஸ் கார் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவை நம் நாட்டில் கொஞ்சம்தான் விற்றன. 192 எச்.பி. போலோ ஜிடிஐ 2016இல் வெறும் 99 கார்கள் வந்தன. 245 எச்.பி. ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 2020இல் 200 கார்கள், ஒவ்வொன்றும் 36 லட்சம். அவை உங்கள் ஒன்பது லட்சத்துக்கு எட்டாது. எட்டினாலும் பராமரிப்புச் செலவு எட்டாது. அதற்கு அடுத்த படியில் இருப்பவைதான் உங்களுக்கானவை. 2021, 2022 ஐ20 என் லைன்: 120 எச்.பி., 172 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கரத்திலும் டிஸ்க், இறுக்கிய சஸ்பென்ஷன். (சென்னை ரேஸ் டிராக் இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம்.) இன்னொன்று 2020 முதல் 2022 வரை வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ: 110 எச்.பி., 175 நியூட்டன் மீட்டர், ஆறு கியர். போலோவில் பின்னால் டிரம்தான். ஆனால் ஸ்டீயரிங்கும் வண்டியின் கட்டுமானமும் தரும் நம்பிக்கை தனி. கிளட்ச் மிதித்து கியர் போடுவதில் ஆசை உள்ளவர் என்றால் போலோ மேனுவல் எடுங்கள். அந்த வருடத்து என் லைனில் கிளட்ச் பெடலே இல்லாமல் கையால் கியர் மாற்றும் ஐஎம்டி அல்லது இரட்டை கிளட்ச் கொண்ட டிசிடி ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

120 எச்.பி.தானா என்று முகம் சுருங்க வேண்டாம். உங்கள் ஸ்விஃப்டின் 113 நியூட்டன் மீட்டர் முழுசாகக் கிடைப்பது 4,200 ஆர்பிஎம்மில். இந்த டர்போக்களில் 172, 175 என்பது 1,500, 1,750லேயே வந்து 4,000 வரை நிற்கிறது. ஏற்றத்தில் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இரண்டாவது கியருக்கு இறக்கி எஞ்சினைக் கதற வைப்பீர்களே, அந்த இடத்தில் மூன்றாவது கியரிலேயே தாண்டிப் போய்விடலாம். வால்பாறை சாலையில் உங்களுக்கு வேண்டிய வேகம் அதுதான்.

வாங்கும்போது சில விஷயங்களில் பிடிவாதமாக இருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். போய்ச் சேரும்போதே வண்டி சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். டிசிடி என்றால் நெரிசலில் ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள், ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறக் கூடாது. இரட்டை கிளட்ச் உள்ள பழைய போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐ விலை குறைவாகக் கிடைக்கும். அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைச் சரிபார்க்கும் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க முடியாது என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சர்வீஸ் ரசீதுகளில் ஆயில் மாற்றிய தேதிகளைப் படியுங்கள், டர்போவின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. முன்னால் வைத்திருந்தவர் ரீமேப் செய்திருந்தாரா என்று ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். டர்போ எஞ்சினில் ரீமேப் நிஜமாகவே வேகம் கூட்டும், அதனால் செய்துவிட்டு விற்கும்போது பழையபடி மாற்றுபவர்கள் உண்டு.

ஒருவேளை ஸ்விஃப்டை விற்க மனசு வரவில்லை என்றால், அதையும் நான் புரிந்துகொள்வேன். அப்போது நாலு லட்சத்தில் ஐம்பதாயிரத்தை மட்டும் எடுங்கள். அதே 185/65 ஆர்15 அளவில் நல்ல பிடிப்புள்ள நான்கு டயர், புது பிரேக் பேட், 62,000 கிலோமீட்டரில் தளர்ந்திருக்கக்கூடிய ஷாக் அப்சார்பர்கள், வீல் அலைன்மென்ட். ஆர்.சி.யில் ஒரு எழுத்து மாறாது. ஆனால் வளைவில் கார் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மீதிப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு, ரேஸ் டிராக்கில் பயிற்சி வகுப்பு நடக்கும்போது ஒன்றில் சேர்ந்து பாருங்கள்.

எந்த முடிவை எடுத்தாலும், அடுத்த வால்பாறைப் பயணத்துக்கு முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். கார் கையேட்டில் எந்த டாட் என்று போட்டிருக்கிறதோ அது, மூடி திறக்காத புது டப்பாவிலிருந்து.