சணல் மில்லும் சட்டையும்: ஒரு கடிதம்

சார், வணக்கம். பங்களாதேஷ் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். 1972ல மில்லையெல்லாம் அரசுடமை ஆக்கினாங்க, 80கள்ல புத்தி வந்து தனியாருக்குத் திறந்துவிட்டாங்க, கார்மெண்ட்ஸ்ல எங்கேயோ போயிட்டாங்க. அந்த சோஷலிச நிபுணர்கள் இல்லாம இருந்திருந்தா பத்து வருஷம் மிச்சமாகியிருக்குமே?
செந்தில், திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

திருப்பூர்க்காரர் இதைக் கேக்கலைன்னாதான் ஆச்சரியம். ஆனா ‘புத்தி வந்துச்சு’ங்கறதை நான் ஒத்துக்கமாட்டேன்.

நூருல் இஸ்லாம், ரஹ்மான் சோப்ஹான் மாதிரி டாக்கா பொருளாதார அறிஞர்கள் 60கள்லயே சொல்லிட்டிருந்தது, பாகிஸ்தான் ஒரு நாடுதான் ஆனா ரெண்டு பொருளாதாரம், கிழக்குல, அதாவது இன்னைக்கு பங்களாதேஷா இருக்கற பகுதியில, விளையற சணலை வித்து வர்ற டாலர் மேற்குல செலவாகுதுன்னு. நீங்க சொல்ற நிபுணர்கள் இவங்கதான், 72ல சுதந்திர பங்களாதேஷோட திட்டக்குழுல உக்காந்தாங்க. நிறைய மில்லுக்கு ஓனரே இல்ல, மேற்கு பாகிஸ்தானுக்குப் போயிட்டாங்க, யாராவது எடுத்து நடத்தியே ஆகணும். வங்காளி முதலாளிங்க மில்லையும் சேர்த்து எடுத்தாங்களே, அது கொள்கை, அதை நான் மழுப்பல. தனியார் முதலீட்டுக்கு 25 லட்சம் டக்கான்னு (அவங்க ஊர் பணம்) உச்சவரம்பு வச்சாங்க, 74லயே அது 3 கோடி ஆயிடுச்சு. அதனால 80கள் வரைக்கும் தூங்கிட்டிருந்தாங்கன்னு சொல்றது சரியில்ல.

கார்மெண்ட்ஸ் கதை வேற. 1974ல மல்டி ஃபைபர் ஒப்பந்தம் வந்துச்சு, பணக்கார நாடுங்க துணிமணி இறக்குமதிக்கு நாடுவாரியா கோட்டா, அதாவது அளவு, வைக்கிற ஒப்பந்தம். தென்கொரியாவோட ஏற்றுமதிக்கும் கோட்டா போட்டுட்டாங்க. கோட்டா இல்லாத நாட்டைத் தேடின தேவூங்கற கொரியக் கம்பெனி பங்களாதேஷ்ல தேஷ் கார்மெண்ட்ஸோட கைகோத்துச்சு, 1979ல தேஷ்லேர்ந்து சுமார் 130 பேர் கொரியாவுல இருக்கற பூசானுக்குப் போய் தையல்லேர்ந்து மார்க்கெட்டிங் வரைக்கும் கத்துட்டு வந்தாங்க, அப்புறம் அதுல நிறையபேர் வெளியேறி வேற ஃபேக்டரிங்களுக்குப் போயிட்டாங்க, சிலர் சொந்தமா ஆரம்பிச்சாங்க, தொழில் பரவினது இப்படித்தான்.

இன்னொண்ணு பேக் டு பேக் எல்.சி. எல்.சி.ன்னா சரக்குக்குப் பணம் கிடைக்கும்னு பேங்க் குடுக்கற உத்தரவாதக் கடிதம். வெளிநாட்டு பையரோட எல்.சி.யை பேங்க்ல காட்டினா, அதை வச்சே துணி இறக்குமதிக்கு இன்னொரு எல்.சி. திறந்து தருவாங்க. துணி டூட்டி கட்டாம பாண்டட் வேர்ஹவுஸுக்கு, அதாவது சுங்கத்துறை கண்காணிப்புல இருக்கற கிடங்குக்கு, வரும், சட்டையா வெளிய போகும், பையர் பணம் வந்ததும் துணிக்காரனுக்கு செட்டில் ஆகும். கையில டாலர் இல்லாதவனும் ஏற்றுமதியாளர் ஆகலாம். நாட்டுக்கே டாலர் பஞ்சம் இருந்த நேரத்துல இது சாதாரண ஏற்பாடு இல்ல. நீங்க நினைக்கிற பெரிய தாராளமயமும் இல்ல, இறக்குமதிக் கட்டுப்பாடெல்லாம் அப்படியே இருக்க, ஒரு தொழிலுக்கு மட்டும் தனி வழி வெட்டிக் கொடுத்தாங்க. 1982ல ராணுவ ஆட்சியாளர் எர்ஷாத்தோட அரசு சணல் மில்லுங்களைத் தனியாருக்குத் திருப்பிக் குடுத்ததைத்தான் எல்லாரும் திருப்பம்ங்கறாங்க, ஆனா அதனால சணல் பிழைக்கல, பிளாஸ்டிக் வந்து மார்க்கெட்டையே பிடிச்சிடுச்சு.

திட்டக்குழுவைத் திட்டறவங்க 2004ஐயும் பாக்கணும். அந்த வருஷக் கடைசியோட கோட்டா முடியப்போகுது, பங்களாதேஷ் கதை அவ்வளவுதான், ஆர்டரெல்லாம் சீனாவுக்குப் போயிடும்னு சந்தையை நம்பற நிபுணர்களே நிறையபேர் எழுதினாங்க. ஏற்றுமதி ஏறிட்டேதான் போச்சு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 2002ல, நாராயண்கஞ்ச்ல உலகத்துலயே பெரிய சணல் மில்லுன்னு பேர் வாங்கின ஆதம்ஜி மில்லை மூடினாங்க. இப்ப அந்த இடம் ஏற்றுமதி மண்டலம், உள்ள சட்டை தைக்கறாங்க.