சர்க்கரை நோயோடு 18 கிலோ குறைத்தாயிற்று, அது திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கேள்வி: எனக்கு வயது 52. எட்டு வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். பத்து மாதத்தில் 94 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6லிருந்து 6.1 ஆகிவிட்டது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டையும் பழைய அளவிலேயே சாப்பிட்டு வருகிறேன். ஆனால் கடந்த ஆறு வாரத்தில் இரண்டரை கிலோ ஏறிவிட்டது. முன்பைவிடப் பசி அதிகம், சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கவே முடிவதில்லை. பழைய எடைக்கே போய்விடுவேனா என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லை இரண்டு முறை படித்தேன்: 'பழைய அளவிலேயே'. 94 கிலோ இருந்தபோது, சர்க்கரை தாறுமாறாக இருந்தபோது எழுதிக் கொடுத்த கிளிமிபிரைடு அது. அந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருக்கிறதா குறைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்வதில்லை. நீங்கள் எடை குறைத்த பிறகு உங்கள் உடம்பு கொஞ்சம் இன்சுலினையே நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அப்படியிருக்க அதே மாத்திரை அதே அளவில் போனால் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்க வாய்ப்பு உண்டு.

அதனால் அந்த நாலு மணியைக் கொஞ்சம் கவனியுங்கள். கை லேசாக நடுங்குகிறதா, கழுத்தில் வியர்க்கிறதா, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறதா, தட்டு எடுத்து வைக்கக்கூடப் பொறுமையில்லாமல் நின்றபடியே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறீர்களா? இது வெறும் வயிற்றுப் பசியாக இல்லாமல் சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். கை கழுவித் துடைத்துக்கொண்டு குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே காட்டினால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், இன்னும் 70க்குக் கீழேயே இருந்தால் திரும்ப அதையே செய்யுங்கள். அந்தக் கால் மணி நேரம் பொறுப்பதுதான் கஷ்டம், தெரியும். மூளை 'சாப்பிடு சாப்பிடு' என்று கத்தும், பாக்கெட் காலியாகிவிடும், தினம் ஒரு பாக்கெட் என்றால் இரண்டரை கிலோ எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம்.

ஒரு வாரம் இப்படி எழுதிவைத்து, அந்தத் தாளோடு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். 70க்குக் கீழே ஒரு தடவை வந்தாலும் ஒரு வாரம் காத்திருக்காமல் அன்றே அவரிடம் பேசுங்கள். அளவைக் குறைப்பதா, நிறுத்துவதா, எடை ஏற்றாத வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பது அவர் முடிவு. நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். ரத்த அழுத்த மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர் எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் சொல்ல வேண்டும், எடை இறங்கினால் அழுத்தமும் இறங்கும்.

மீட்டரில் 110, 120 என்று வந்தால்? அப்போது அது நிஜப் பசி. அதற்கும் காரணம் இருக்கிறது, உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். டைப் 2 நோயாளிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016ல் வெளிவந்தது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள், கலோரி இழப்பது அவர்களுக்கே தெரியாது. எடை குறையக் குறைய, ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தூண்டும் அளவுக்குப் பசி ஏறியது, உடம்பு செலவழிப்பதோ கிலோவுக்கு 20, 30 கலோரி அளவுக்குக் குறைந்தது. அவர்கள் இழந்தது சில கிலோதான், அதனால் உங்கள் 18 கிலோவை அப்படியே பெருக்கிப் பார்க்க வேண்டாம். ஆனால் உடம்பு இழுக்கும் திசை இதுதான். எடை குறைக்கும் மாதங்களில் தராசு இறங்குவதைப் பார்க்கும் உற்சாகம் பசியைத் தாங்கவைக்கிறது, எடை நின்ற பிறகு அந்த உற்சாகம் போய்விடுகிறது, பசி மட்டும் இருக்கிறது. ஆகவே வயிற்றை நிரப்பும் சாப்பாடு வேண்டும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பயறு, தயிர் என்று ஏதாவது ஒரு புரதமும் அரைத் தட்டுக் காய்கறியும் முதலில், மாவுச்சத்து அதற்குப் பிறகு. உங்கள் எடைக்கு நாளுக்கு 75 முதல் 90 கிராம் புரதம் வரை போகலாம். சிறுநீரகத்தில் பிரச்சினை இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், இரண்டரை கிலோவும் கொழுப்பு என்று நினைக்காதீர்கள். மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்திருந்தவர் மறுபடி கொஞ்சம் சேர்த்தால் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன், அதாவது உடம்பு சேமித்துவைக்கும் சர்க்கரை, நிரம்பும். அது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோவுக்கு மேல் அந்த வகையிலேயே ஏறிவிடலாம். இதைப் பார்த்துப் பயந்து பட்டினி கிடந்து, அடுத்த நாள் அடக்க முடியாமல் சாப்பிட்டு, அப்படியே எடை ஏறியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

அதனால் ஒரு எல்லைக்கோடு வையுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரிதான் கணக்கு, ஒரு நாள் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சராசரி 76க்கும் 78க்கும் நடுவில் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு வாரம் தொடர்ந்து 78ஐத் தாண்டினால், எடை குறைத்த நாட்களில் சாப்பிட்ட முறைக்குச் சில வாரம் திரும்புங்கள். இரண்டு கிலோவை இறக்குவது ஒரு மாத வேலை, பத்து கிலோ ஏறவிட்டுப் பிறகு இறக்க உட்கார்ந்தால் அது இன்னொரு வருடம்.

நடை முக்கியம், ஆனால் நடை மட்டும் போதாது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் போயிருக்கும், சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். வாரம் இரண்டு மூன்று நாள் பாரம் தூக்குங்கள், இல்லாவிட்டால் நாற்காலியில் கை வைக்காமல் உட்கார்ந்து எழுங்கள், சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடங்கள். எடை குறைக்கும் ஊசியால் இறங்கியவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்புகிறது, அப்படி ஒரு ஊசியான செமாகுளுடைடை வைத்துச் செய்த ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பீர்கள். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் மருந்தே இல்லாமல் ஹெச்பிஏ1சி 6.5க்குக் கீழே இருந்தது. அவர்கள் எல்லாரும் நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், உங்களுக்கு எட்டு வருடம், ஆகவே அதே பலனை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எடை திரும்பியவர்களில் பலருக்குச் சர்க்கரையும் திரும்பியது. எண்கள் நன்றாக இருந்தாலும் கண், சிறுநீரகம், பாதப் பரிசோதனையை வருடம் ஒரு முறை விடாதீர்கள்.

இது உங்களுக்கல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: சாப்பாட்டையும் மாற்றாமல், நடக்கவும் ஆரம்பிக்காமல் எடை தானாக இறங்கிக்கொண்டே போனால், கூடவே தாகமும் இரவில் அடிக்கடி சிறுநீரும் இருந்தால், சந்தோஷப்படாதீர்கள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் சிறுநீரில் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், தைராய்டு, காசநோய், கணையக் கோளாறு என்று வேறு காரணமும் இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள், வாந்தியோ மூச்சு வாங்குவதோ சேர்ந்தால் அன்றைக்கே.