வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு ஊர் தேர்ந்தெடுக்கும்போது அங்குள்ள சாப்பாட்டு வழக்கத்தையும் பார்ப்பீர்களா?

பார்ப்பேன். டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னாலேயே அதைத்தான் பார்ப்பேன். எங்கள் வீட்டு நிலவரம் அப்படி. கணவரும் மகனும் எதைப் போட்டாலும் சாப்பிடுவார்கள். நான் சைவம். எங்களோடு வருகிற அம்மாவோ முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடமாட்டார்.

ஆனால் "அங்கே சைவம் கிடைக்குமா?" என்று இப்போதெல்லாம் நான் தேடுவதில்லை. அந்தக் கேள்வியே தப்பு என்று ஜப்பானில் புரிந்தது.

ஒசாகாவில் மூன்று வாரம் அலுவலக வேலை. பக்கத்துக் கடையில் கிட்சுனே ஊடோன் என்று ஒன்று உண்டு. தெளிந்த சாறு, தடித்த கோதுமை நூடுல்ஸ், மேலே இனிப்பாக வேகவைத்த டோஃபு ஒரு துண்டு. இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. கண்ணால் பார்த்துத்தானே சாப்பிடுகிறோம் என்று பத்து நாள் மதியம் அதையே சாப்பிட்டேன். பதினோராவது நாள், கூட வேலை பார்த்த பெண் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அந்தச் சாறே மீன்தான்.

அதற்குப் பெயர் தாஷி. ஜப்பானியச் சமையலில் முக்கால்வாசிக்கு அதுதான் அஸ்திவாரம். அந்த வாரக் கடைசியில் அதே பெண் என்னைச் சந்தைக்குக் கூட்டிப்போய் மூலப்பொருளைக் காட்டினார். கருகிய விறகுத் துண்டு மாதிரி ஒன்று. கையில் வாங்கித் தரையில் தட்டினால் 'டக் டக்' என்று கட்டைச் சத்தம். அதை ஒரு பெட்டிமேல் வைத்துச் சீவுகிறார்கள். பெட்டி அப்படியே ஆசாரியின் இழைப்புளியைத் திருப்பி வைத்த மாதிரி. சுருள் சுருளாக விழுகிறது. கட்சுவோபுஷி என்று பெயர். என்ன மீன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது சிரிப்புதான் வந்தது. நம்ம ஊர் சூரை! வேகவைத்து, புகை போட்டு, கல்லாகக் காய வைத்தது. மாசிக்கருவாடு என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வோமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கொழும்புக்குப் போயிருந்தபோது தேங்காய்ச் சம்பலில் ஒளிந்திருந்து அம்மாவை ஏமாற்றியதும் இதே சூரைதான். ஆனால் அங்கே "மாசி போடாத சம்பல் இருக்கா?" என்று தமிழில் கேட்க முடிந்தது. ஒசாகாவில் என்னவென்று கேட்பது?

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பௌத்தம் பரவிய காலத்தில், கி.பி. 675இல், தென்மு பேரரசர் ஜப்பானில் இறைச்சிக்குத் தடை போட்டார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி என்று பட்டியல் இருந்தது. மீன் அதில் இல்லை. 1872இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டதாக ஊரறியச் செய்தி வரும்வரை, ஆயிரம் வருடத்துக்கு மேல் ஏதோ ஒரு வகையில் இறைச்சிமேல் அந்த மனத்தடை நீடித்தது. அத்தனை காலமும் ருசிக்கு மீன்தான் துணை. அதனால் மீன் சாறு அவர்களுக்கு நம்ம ரசத்தில் பெருங்காயம் போல. அது இருப்பதை யாரும் சொல்லவும் மாட்டார்கள், நினைக்கவும் மாட்டார்கள்.

அதிலிருந்து நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. அந்த ஊர்க்காரர்களுக்கே "இன்று கவுச்சி வேண்டாம்" என்று ஒதுக்கும் நாள் உண்டா? அதற்கென்று அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டா? இருந்தால் போகலாம். எவ்வளவு மீன் தின்கிற நாடாக இருந்தாலும் போகலாம்.

வியட்நாமை அப்படித்தான் பிடித்தோம். எல்லோரும் பயமுறுத்தினார்கள். நூக் மாம் என்று நெத்திலியை உப்பில் ஊறப் போட்டு எடுக்கிற மீன்தெளிவு இல்லாமல் அங்கே அடுப்பே எரியாது என்றார்கள். உண்மைதான். ஆனால் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே பௌத்தர்கள் பலர் சைவம். அமாவாசையை ஒட்டி ஒன்று, பௌர்ணமிக்கு ஒன்று. அம்மாவிடம் சொன்னேன். எழுந்துபோய்ச் சுவரிலிருந்த தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். எங்கள் பயணத் தேதியைக் குறித்தது அந்தக் காலண்டர்தான்.

அந்தச் சைவத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல், கிட்டத்தட்ட 'ச்சை'. நம்மூரில் ஓட்டலுக்குள் நுழைந்து "ச்சை" என்றால் சண்டை வரும். அங்கே சோறு வருகிறது. "சைவத்துல பாதியைச் சொன்னா போதுமா?" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "நான் சைவம்" என்பதை ஒரு அட்டையில் எழுதி வாங்கி, கீழே தமிழில் 'தோய் ஆன் சை' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் நாளிலிருந்து அட்டை தேவைப்படவில்லை.

சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் இரவு ஹோய் ஆனில் ஆற்றங்கரை விளக்குகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஹாய் வான் கணவாய் வழியாக ஹுவே போனோம். 1802 முதல் 1945 வரை ஙுயென் அரசர்களின் தலைநகர் அது. கோயில்கள் நிறைந்த ஊர், சைவச் சமையலுக்கும் பேர்போன ஊர். பௌர்ணமி என்பதால், வழக்கமாக மாட்டிறைச்சி நூடுல்ஸ் விற்கிற ஒரு தெருக்கடையிலும் அன்று 'ச்சை' பலகை தொங்கியது. பலாப்பிஞ்சை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வேர்க்கடலையும் இலைதழைகளும் போட்டுக் கலந்து தந்தார்கள். கரண்டி கிடையாது. எள் தூவிச் சுட்ட அரிசி அப்பளத்தை உடைத்து அதால் அள்ளிச் சாப்பிட வேண்டும். அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார். மீன்தெளிவுக்குப் பதிலாக சோயாவில் செய்த 'ச்சை' தெளிவு சின்னக் கிண்ணத்தில் தனியாக வந்தது. அடுத்து வந்த தட்டில் இறால் வளைந்து, சிவப்புக் கோடு போட்டுக் கிடந்தது. அம்மா முகம் மாறி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார். கடைக்கார அம்மாள் ஓடி வந்து ஒன்றைப் பிட்டுக் காட்டினார். உள்ளே வெறும் சோயா மாவு. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அதையே பொம்மை செய்து சாப்பிடுகிறார்களே என்று அம்மா இன்றைக்கும் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியாது.

சாப்பாட்டு வழக்கம் என்பது தட்டில் இருப்பது மட்டுமில்லை. அங்கே கறி, கூட்டு எல்லாம் நடுவில் வைத்து, அவரவர் வாயில் வைத்த குச்சியாலேயே எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் எச்சில் என்றால் பெரிய விஷயம். அம்மாவுக்கு முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். பக்கத்து மேசையில் ஒரு சின்னப் பையன் தன் பாட்டியைச் சாப்பிட அழைத்துவிட்டுத்தான் குச்சியையே தொட்டான். என் மகனுக்கு அதைக் காட்டினேன், பலனில்லை. கணவருக்குக் காபி ஒன்றுதான் கவலை. அங்கே டம்ளர் மேல் சின்ன ஃபில்டரை வைத்து, கெட்டிப்பால் மீது சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறக்குகிறார்கள். அந்த மனிதர் அதற்கப்புறம் ஊர் திரும்பவே விரும்பவில்லை.

ஏஜென்சி குழுச் சுற்றுலா வேறு கதை. ஒருமுறை அப்படிப் போய் ஏழு நாளும் ராத்திரி பனீர் பட்டர் மசாலா சாப்பிட்டோம். எந்த நாடு என்று சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன.

எத்தியோப்பியாவும் என் பட்டியலில் இருக்கிறது. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதம்; இறைச்சி, பால், முட்டை மூன்றும் கிடையாது. டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்க வைத்து ஊற்றுகிற இஞ்சேரா, தோசைக்குப் பங்காளி. கையால்தான் சாப்பிட வேண்டும். ஆனால் ஒரே தட்டில் எல்லோரும். எச்சில் பிரச்சினை அங்கேயும் உண்டு. தவிர, நாட்டு நிலவரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

ஜப்பானையும் கைவிடவில்லை. கோயாசான் மலைக் கோயில்களில் தங்க இடம் தந்து ஷோஜின் ர்யோரி என்ற துறவிச் சமையல் போடுகிறார்கள். சாறு கொம்பு என்ற கடற்பாசியிலும் காளானிலும்தான். ஆக, அங்கேயும் அதற்கென்று ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது. நான் தேடியது நூடுல்ஸ் கடையில்.

இந்த வருடம் எங்கே என்று இன்னும் பேச்சு நடக்கிறது. தாய்லாந்தின் புக்கெட்டில் சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம் ஒன்பது நாள் சைவத் திருவிழா. பெரும்பாலும் அக்டோபரில் வரும். பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்கமாட்டார்கள். மஞ்சள் கொடியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்று எழுதியது மாதிரி ஒரு எழுத்து பறந்தால் அது சைவக் கடை. படங்களை அம்மாவிடம் காட்டினேன். விரதக்காரர்கள் கன்னத்தில் கம்பி குத்திக்கொண்டு ஊர்வலம் போகிற படம் வந்ததும், பயந்துவிடுவார் என்று சட்டென்று தள்ளப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அட, அலகு குத்துறாங்கடி. அப்ப சாப்பாடு சுத்தமாத்தான் இருக்கும். டிக்கெட்டைப் போடு."