4 ஜிபி மடிகணினியில் மீண்டும் லினக்ஸ்: எந்த டெஸ்க்டொப்?

எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டொப், அதாவது திரைச் சூழல். மூன்று வருடம் கழித்து லினக்ஸின் ஒரு வகையான மின்டைத் திறந்தால் அதன் டெஸ்க்டொப்பான சினமன் திணறுகிறது, கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டொப்புக்கு மாறலாமா என்கிறீர்கள். 4 ஜிபி நினைவகத்தில் கேடிஇ அதற்கு மருந்தாகாது.

மின்டை மறுபடி நிறுவ வேண்டாம். இலங்கை மலையகத்து ஹட்டனில் உங்களைப்போல் மொபைல் டேட்டாவை நம்பி இருப்பவருக்கு 3 ஜிபி அளவுள்ள நிறுவல் கோப்பு வீண் செலவு. மென்பொருள் மேலாளரில் எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேடி நிறுவுங்கள். பிறகு வெளியேறி, நுழைவுத் திரையில் உங்கள் பெயருக்கு அருகிலுள்ள சிறு அடையாளத்தை அழுத்தித் தேர்ந்தெடுங்கள். சினமனும் அப்படியே இருக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம்.

அதே கணினியிலுள்ள விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை லினக்ஸிலிருந்து திருத்த முடியவில்லை என்றும் சொல்கிறீர்கள். அதற்குப் பெரும்பாலும் விண்டோஸின் விரைவுத் தொடக்க (Fast Startup) வசதிதான் காரணம். கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. அதனால் லினக்ஸ் அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே திறக்கிறது.

சோதித்துப் பாருங்கள்: விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே ஷட் டவுன் கொடுத்து, லினக்ஸுக்கு வாருங்கள். இப்போது கோப்பைச் சேமிக்க முடிந்தால் காரணம் அதுவே. விண்டோஸ் கன்ட்ரோல் பேனலின் மின்சக்தி அமைப்புகளில் விரைவுத் தொடக்கத்தை அணைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பேட்டரி நிற்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மழைக்கு மின்சாரம் போய்வரும் மாலையில் எதையும் நிறுவாதீர்கள். பாதியில் அணைந்தால் மென்பொருள் பொதிகள் குழம்பும். மகளின் உயர்தர (ஏ/எல்) பரீட்சைப் பாடக் குறிப்புகளை முதலில் பென்டிரைவில் பிரதியெடுத்துவிடுங்கள்.