தூக்க முடியாத அப்பாவும் தெருவுக்கு வரலாம்

கேள்வி: என் கணவருக்கு 39 வயது. ஐந்து வாரத்துக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்துவிட்டார், காயமும் ஆறிக்கொண்டு வருகிறது. மகனுக்கு இரண்டே கால் வயது. முன்பெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அவனை வண்டியில் ஒரு சுற்று கூட்டிப் போவார். இப்போது விடிந்ததிலிருந்து "அப்பா தூக்கு" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். நான் பிரித்து எடுத்தால் என்னை அடிக்கிறான். அவரோ அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறார். டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார். மூன்று மாதத்துக்கு வாசற்படி தாண்டக் கூடாது என்கிறார் மாமியார். மூன்று பேரும் சேர்ந்து வெளியே போகலாமா? போனால் எங்கே?
– பெயர் வேண்டாம், ஸ்ரீரங்கம்

பதில்: போகலாம் அம்மா. டாக்டர் நடக்கச் சொன்ன பிறகு இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அந்தக் கதவைச் சாத்திக்கொள்ளும் இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். 2006-ல் எங்கள் திருச்சி தில்லைநகர் வீட்டிலும் இதே கதவு இப்படித்தான் சாத்தியே கிடந்தது. என் கணவருக்கும் அப்போதுதான் பைபாஸ் ஆகியிருந்தது. அவருக்கு 41 வயது, மகளுக்கு இரண்டு. குழந்தை மேல் அவருக்குக் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல நாள் கழித்துத்தான் சொன்னார்: "அவ கையைத் தூக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துட்டு என்னால சும்மா உட்கார முடியலை." பைபாஸுக்குப் பிறகு காரணமில்லாமல் அழுவதும், எரிந்து விழுவதும், மனம் சோர்ந்து கிடப்பதும் நிறையப் பேருக்கு வரும். அதையும் அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இந்த ஆபரேஷனில் நடு நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுத்து, முடிந்ததும் எஃகுக் கம்பியால் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த எலும்பு ஓரளவு கூடுவதற்கே 6 முதல் 8 வாரம் ஆகும். நன்றாகக் கெட்டிப்பட மூன்று மாதம் வரை போகும். அதனால்தான் நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம் என்கிறார்கள். உங்கள் பையன் வயதுக்குச் சராசரி எடை 12 கிலோவுக்கும் மேல். ஆகவே தூக்குவது என்ற பேச்சே இப்போது வேண்டாம். ஒரு கையால் இழுப்பது, தள்ளுவது, கையை ஊன்றி எழுந்திருப்பது எல்லாமே இதில் சேரும். வண்டியை டாக்டர் சொல்லும்வரை தொடக் கூடாது. மாமியார் சொல்லும் மூன்று மாதமும் இந்த எலும்புக் கணக்கைத்தான் யாரிடமோ கேட்டு வந்ததாக இருக்கும். பெற்ற மகனின் நெஞ்சைப் பிளந்து தைத்ததைப் பார்த்தவர், அவர் பயப்படாமல் வேறு யார் பயப்படுவார்கள்? அவரிடம் வாதாட வேண்டாம். அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிப்போங்கள். நடக்கச் சொல்வதை டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

இனி பையனுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். கையைப் பிடித்து நடத்தினால், இந்த வயசுப் பிள்ளை திடீரென்று தரையில் உட்கார்ந்துவிடும். அந்த இழுப்பு நேரே நெஞ்சுக்குப் போகும். அதனால் அவர் தோளில் போட்டிருந்த துண்டின் ஒரு முனையை மகள் கையில் கொடுத்தோம், மறுமுனை அவர் கையில். அவள் இழுத்தால் அவர் விட்டுவிடுவார். அவளுக்கு அதுவே விளையாட்டாகிப் போனது. ஒரு வாரத்தில் செருப்பைத் தேடுவதற்கு முன்பே துண்டைத் தேட ஆரம்பித்துவிட்டாள். ரோட்டில் வண்டி வருகிற பக்கம் மட்டும் எப்போதும் நான் நடப்பேன், என் கை அவள் மறுகையில் இருக்கும். துண்டு அப்பாவுக்கு, பிடி எனக்கு.

அப்புறம் "தூக்கு" என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு ஒன்று தரவேண்டும். வெறுமனே "கூடாது, அப்பாவுக்கு உவ்வா" என்று சொன்னால் இரண்டு வயசுக்கு என்ன புரியும்? திண்ணையோ பெஞ்சோ கண்ட இடத்தில் அப்பா முதலில் உட்காரட்டும். நெஞ்சின் மேல் ஒரு சின்னத் தலையணையை அணைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பையனைப் பக்கவாட்டில் தூக்கி மடியில் உட்கார வையுங்கள், அவனாக ஏற விடாதீர்கள். "அப்பா உட்கார்ந்தால் மடி" என்பது நாலைந்து நாளில் பழகிவிடும். முதல் நாள் என் மகள் மடியில் உட்கார்ந்து அப்பா தாடையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் அழுதார், நானும் அழுதேன். அந்தத் தலையணையை எங்கே போனாலும் கையோடு கொண்டுபோங்கள். இருமல் தும்மல் வந்தாலும், ஆட்டோ பள்ளத்தில் இறங்கினாலும் நெஞ்சோடு அழுத்திப் பிடிக்க அது வேண்டும்.

எங்கே போவது என்றால், நீங்கள் ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்களே! உத்திர வீதி, சித்திரை வீதி இரண்டும் மேடு பள்ளம் இல்லாமல் கோயிலைச் சுற்றி வருகின்றன. நெஞ்சு ஆபரேஷன் ஆனவருக்கு இதைவிட நல்ல நடை எந்த ஊரில் கிடைக்கும்? முதல் சில நாள் தெருமுனைக் கடை வரை போய்த் திரும்பினால் போதும். போகும்போதே பாதி பலத்தை வீட்டுக்குத் திரும்புவதற்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். நடந்துகொண்டே அவரால் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு திக்கினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும், வெயில் இறங்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, ஒரு நாள் கிழக்கே வெள்ளை கோபுரம் வரை போய்விடலாம். வழியில் மாடு, பூக்கட்டுகிற அம்மா, ஐஸ் வண்டி மணி என்று பையனுக்குக் காட்ட ஆயிரம் இருக்கிறது. காட்டிச் சொல்லும் வேலை அப்பாவுடையது. பெரியவர்கள் நமக்குத்தான் தினம் ஒரு புது இடம் வேண்டும். இரண்டு வயசுக்கு நேற்றுப் பார்த்த மாட்டையே இன்றும் பார்ப்பதுதான் சந்தோஷம். வைகுண்ட ஏகாதசி, தேர் போன்ற கூட்ட நாட்களில் மட்டும் வீட்டோடு இருங்கள்.

நான் செய்த ஒரு தப்பையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நாலாவது வாரம் முடியும்போது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குப் போனோம். சொந்தக்காரர் காரில்தான் போனோம். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம், உங்கள் ஸ்ரீரங்கம் தீவாகத் தொடங்குவதே அங்கேதான். நான் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தேன். மகள் தண்ணீர்ப் பக்கம் ஓடிவிட்டாள். அவர்தான் பார்த்தார். எழுந்து ஓடி, ஒரு கையால் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு அன்று ராத்திரி முழுக்க நெஞ்சில் வலி. மறுநாள் காலையில் பார்த்த டாக்டர், கம்பி நன்றாக இருக்கிறது, சதைதான் இழுத்துக்கொண்டது என்றார். ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் அவர் வாசலுக்கே வரவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று எண்ணியதுதான் என் தப்பு. ஓடவும் தூக்கவும் முடிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆகவே தண்ணீர், படிக்கட்டு, பெரிய ரோடு உள்ள இடம் என்றால் ஓடக்கூடிய இன்னொரு ஆள் இல்லாமல் கிளம்பாதீர்கள். தம்பியோ பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணோ வரட்டும். அம்மா மண்டபம் படித்துறையும் இதில் சேர்த்திதான். உச்சிப்பிள்ளையாரின் நானூற்றுச் சொச்சம் படிகள் எங்கும் போய்விடாது. மலை அடிவாரத்திலேயே மாணிக்க விநாயகர் இருக்கிறார், இப்போதைக்கு அவரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

எட்டு வாரம் கழிந்து டாக்டரும் சரி என்றால், மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குப் போகலாம். ஏறக்குறைய 25 ஏக்கர், முழுவதும் சுற்ற ஆசைப்படாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் பகுதிக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் இடம் பிடித்து அவரை உட்கார வைத்துவிடுங்கள். ஜங்ஷன் பக்கம் ரயில்வே அருங்காட்சியகமும் இருக்கிறது, வெளியிலேயே பழைய எஞ்சின் நிற்கும். வாரவிடுமுறை என்றைக்கு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கதவு பூட்டியிருந்து திரும்புகிற அலைச்சல் அவருக்கு ஆகாது. கார் என்றால் அவர் பின்சீட்டில் உட்காரட்டும். பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் வீடு திரும்பியதும் அந்தக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் வீங்கும்.

காய்ச்சல், காயத்தில் நீர் கசிவது, அசையும்போது நெஞ்செலும்பில் "டக்" என்று சத்தம் கேட்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். நெஞ்சை அழுத்துகிற வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ போகிறது. மகளுக்கு ஒன்றரை வயது. சாயங்காலம் மூன்று பேரும் தெப்பக்குளம் போவது வழக்கம். இப்போது மனைவியையும் கூட்டிப் போகலாமா? வீட்டிலேயே இருந்தால் இன்னும் சோர்ந்து போகிறாள்.
– வாசகர், மதுரை

பதில்: கீமோ நாட்களை நாள்காட்டியில் குறித்து வையுங்கள் தம்பி. பெரும்பாலான மருந்துகளுக்கு ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் நோய்க்கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அந்த ஒரு வாரம் கூட்டத்துக்குப் போகக் கூடாது, வாசலில் நாற்காலி போட்டு உட்காருவதோடு சரி. மூன்றாவது வாரத்தில் பலம் திரும்பும். அதுதான் உங்கள் வாரம், வீணாக்காதீர்கள். அவர் மருந்துக்கு இந்தக் கணக்கு எப்படி என்று அவருடைய டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் தெப்பக்குளச் சுவரில் இடமே இருக்காது. வார நாளில், கடைகள் கூடுவதற்கு முன் போய்த் திரும்பிவிடுங்கள். தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகத்தையும் சொல்வேன். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்த கட்டடம், சுற்றிலும் மரநிழல். உள்ளே போய்ப் பார்க்கக்கூட வேண்டாம், மரத்தடியில் விரிப்பு போட்டு உங்கள் மனைவி சாய்ந்திருக்கட்டும், குழந்தை இலை பொறுக்கட்டும். தின்பண்டம் வீட்டிலிருந்தே போகட்டும், வெளிக்கடைப் பழச்சாறும் வெட்டி வைத்த பழமும் இப்போது வேண்டாம். திரும்பியதும் குழந்தைக்கு முதலில் சோப்புப் போட்டுக் கைகால் கழுவிவிட்டு, அதற்கப்புறம் அம்மாவிடம் விடுங்கள். குழந்தைக்குச் சளி என்றால் அன்றைக்கு எல்லோருமே வீட்டில்தான்.

இன்னொன்று, இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்தோ வேறு தடுப்பு மருந்தோ கொடுக்கும் முன், வீட்டில் ஒருவருக்குக் கீமோ நடக்கிறது என்று குழந்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். போலியோவுக்குச் சொட்டுக்குப் பதிலாக ஊசி போடச் சொல்லலாம். உங்கள் மனைவிக்கு உடம்பு 100.4 டிகிரி காட்டினால் காலை வரை பொறுக்காதீர்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெர்மாமீட்டர் வெளியே எடுத்துப் போகும் பையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: விபத்தில் மகனுக்குத் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, இரண்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறான். மருமகள் தினமும் சாயங்காலம் பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் வெளியே போய்விடுகிறாள். கட்டிய புருஷன் படுத்திருக்கும்போது இது சரியா? நான் கேட்டால் பொல்லாதவள் ஆகிவிடுவேன்.
– ஒரு மாமியார், காரைக்குடி

பதில்: கேட்காமல் என்னிடம் எழுதினீர்களே, நல்லது செய்தீர்கள் அக்கா. நேராகவே சொல்கிறேன், அவள் போவது சரி. காலை எழுந்ததிலிருந்து பெட்பேன், மருந்து, குளிப்பாட்டல், சமையல், பேரன் பின்னால் ஓட்டம். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் வானத்தைப் பார்க்கிறாள். பேரனும் வெளியே ஓடி வந்தால்தான் ராத்திரி தூங்குவான், அவன் தூங்கினால்தான் உங்கள் மகனும் தூங்குவான். அந்த நேரத்தில் நீங்கள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். சின்ன வயசுக் கதை பேச உங்களை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

டாக்டர் அவரை வாக்கரில் நிற்கச் சொன்னதும், தினமும் அதே நேரத்துக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பேரன் தெருமுனை திரும்பும்போதே அப்பாவைப் பார்த்துவிட்டு ஓடி வருவான். காலில் மோதிவிடாமல் முன்னால் நின்று பிடிக்கிற வேலை உங்களுடையது.