ட்ரான்ஸ்ஃபர் கேஸை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் லோ கியர் போட்டு மேடு ஏறினால் ‘டக் டக்’ என்று அடிக்கிறது. சில நேரம் லீவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. வேறு வண்டியில் கழற்றிய ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கிடைக்கிறது. வாங்கி மாட்டலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். லீவர் தானாக விழுவதற்கு லிங்கேஜ் (லீவரைக் கேஸோடு இணைக்கும் கம்பிகள்) அட்ஜஸ்ட்மென்ட் தவறியிருப்பதும் காரணமாகலாம். முதலில் அதைப் பாருங்கள். அப்புறம் ஆயிலை வடித்துப் பாருங்கள். மாவு போலக் கொஞ்சம் இரும்புத்தூள் இருந்தால் பயமில்லை. துண்டு துண்டாக வந்தால் பிரித்தே ஆக வேண்டும். செயின் உள்ள கேஸ் என்றால், செயின் நீண்டு பல்லைத் தாண்டும்போதும் இதே சத்தம் வரும். அப்போது செயினையும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும் மட்டும் மாற்றினால் போதும். முழு கேஸையும் தூக்கிப் போட்டுவிட்டு நான் வருந்தியதுண்டு.

மாற்றித்தான் தீர வேண்டுமா? சரி, வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்டின் பற்களை எண்ணுங்கள். முன் சக்கரத்துக்குப் போகும் அவுட்புட் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பாருங்கள்; அது மாறினால் முன் ஆக்ஸிலோடு சேராது. ஸ்பீடோமீட்டர் கேபிளா, சென்சாரா என்பதும் முக்கியம். கேஸின் நீளம் மாறினால், அதிலிருந்து ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் வெட்டவோ நீட்டவோ வேண்டியிருக்கும்.

கேஸ் கீழே இருக்கும்போதே ஆயில் சீல்களைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஜாக் இல்லாமல் இறக்காதீர்கள், கனமான பொருள். எல்லாக் கேஸுக்கும் கியர் ஆயில் கிடையாது, சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்) தான். மேனுவலைப் பார்த்து ஊற்றுங்கள்.