ஸ்கேட்போர்டு பலகை எத்தனை மாதம் தாங்கும்? மூன்றே மாதத்தில் விரிசல் விட்டால் குறை யார் மேல்?

உங்கள் பையனின் பலகை மூன்று மாதத்தில் விரிசல் விட்டது, கடையில் கேட்டால் "பையன் ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பான்" என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. அப்போது எனக்கு வயது 26.

தினமும் எகிறிக் குதித்து, படிக்கட்டில் பாய்ந்து ஓட்டுகிறவருக்கு ஒரு டெக், அதாவது நாம் ஏறி நிற்கும் மரப்பலகை, மூன்று மாதம் வந்தாலே பெரிய விஷயம். வாரம் இரண்டு நாள் சும்மா உருட்டுகிறவருக்கு வருஷக்கணக்கில் வரும். உங்கள் பையன் இரண்டாவது ரகம் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் குறை பலகையில்தான். நல்ல டெக் ஏழு அடுக்கு மேப்பிள்: பெரும்பாலும் ஐந்து நீளவாக்கில், இரண்டு குறுக்காக.

நான் முதலில் ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு வாங்கியது என்ன மரமோ, ஆறே வாரத்தில் முன் ட்ரக் (சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் உலோக அச்சு) போல்ட்டை ஒட்டி மயிரிழை விரிசல். அடுத்து வாங்கியது அசல் மேப்பிள். அதைக் கெடுத்தது நானேதான். நவம்பர் மழையில் பெசன்ட் நகரில் ஈர ரோட்டில் ஓட்டிவிட்டு, துடைக்காமல் பால்கனியில் சாய்த்து வைத்தேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் வால் ஓரத்தில் அடுக்குகள் பரோட்டா மாதிரி பிரிந்து நிற்கின்றன. தரையில் தட்டினால் 'டக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'தொப்'. பசை தடவி, அம்மிக்கல்லை ஏற்றி ராத்திரி முழுக்க வைத்தேன். ஒட்டிக்கொண்டது. அந்த 'டக்' மட்டும் திரும்பவே இல்லை.

"நான் ஒரே டெக்கில் மூன்று வருஷம் ஓட்டினேன்" என்று கமென்ட் போடப் போகிறவர்களுக்கு: ஓட்டியிருப்பீர்கள். நான் 82 கிலோ.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 13 வயது மொமிஜி நிஷியா இந்தப் பலகையில்தான் தங்கம் வாங்கினாள். அதைச் சொன்னால் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குச் சிரிப்பு. டைல்ஸ் கீறுமாம், லிஃப்ட் பக்கம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அவர் கார் இரண்டு பேர் இடத்தை அடைத்து நிற்கிறதே, அதற்கு எந்த நோட்டீஸும் கிடையாது. சரி, விடுங்கள்.

புதிதாக வாங்கினால் டெக்கும் கால் வழுக்காமல் இருக்க மேலே ஒட்டும் சொரசொரப்பான கிரிப் டேப்பும் போதும். ட்ரக், சக்கரம், பேரிங் எல்லாம் பழையதையே கழற்றி மாட்டலாம். கடைக்காரர் முழு செட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார். அதற்கு முன் விரிசல் எங்கே என்று பாருங்கள். ஓரத்தில் சில்லு பெயர்ந்ததுதான் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டட்டும். போல்ட் பக்கம் என்றால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.